விண்கலத்துக்குச் சுற்றிப் போட்ட பூசணிக்காய்

இதில் யார் பேரையும் எழுதப் போவதில்லை. மானநஷ்ட வழக்குக்குப் பயந்துதான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். இது முழுக்க ஒரு பேரைப் பற்றிய விவகாரம். அதனால் பேர் இல்லாமல் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

தொண்ணூற்றொன்றில் நான் ஒரு விண்கலம் கட்டினேன், ஒரகடத்தில். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் கார் கம்பெனி, லாரி கம்பெனி, கண்ணாடி பதித்த ஆபீஸ் என்று கண்ணைப் பறிக்கிறது. அன்றைக்கு ஏரி, நெல் வயல், பனைமரம், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகரக் கொட்டகைகள். அதில் ஒன்று வாஷர் கம்பெனி. போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் போடுவார்களே, வட்டமாக ஓட்டை வைத்த தகடு, அதை வெட்டித் தள்ளுகிற இடம். அந்தக் கொட்டகையின் பின்பாதியில்தான் என் விண்கலம் நின்றது.

அரசாங்க டி.வி.க்காக நாலு வாரத் தொடர். விஞ்ஞான நகைச்சுவை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். விஞ்ஞானம் எங்கே என்று நானும் கடைசி வரை தேடினேன். தயாரிப்பாளர், டைரக்டர், வசனகர்த்தா, கதாநாயகன் எல்லாம் ஒரே ஆள். சபா நாடகத்திலிருந்து வந்தவர். காமிராவுக்குப் பின்னால் நிற்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்ததே அவருக்கு ஒரு மனக்குறை. கதை இதுதான்: வேறொரு கிரகத்திலிருந்து நாலு பேர் பூமியைப் பிடிக்க வருகிறார்கள். பூமியைப் பிடிக்கத் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். மனுவுக்கு ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டுக்கு வீட்டு விலாசம் வேண்டும். அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்து, நாலாவது வாரம், “உங்க பூமியும் வேணாம், உங்க சகவாசமும் வேணாம்” என்று கும்பிடு போட்டுவிட்டு விண்கலத்தில் ஏறித் திரும்பிப் போய்விடுகிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, கதை மோசமில்லை. கதையை யோசித்த மனுஷன் விண்கலத்தை யோசிக்கவில்லை. அதை யோசிக்கிற பாக்கியத்தை எனக்கு விட்டுவிட்டார்.

“பட்ஜெட் எவ்வளவு சார்?” என்று கேட்டேன்.

“உன் திறமைதான் பட்ஜெட்” என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. காரணம், அடுத்ததாக அவர் சொன்ன ஒரு வாக்கியம். “கலைன்னு போட்டு உனக்குத் தனிக் கார்டு குடுக்கறேன். வேற எவன் பேரும் அதுல இருக்காது.”

கார்டு என்றால் படத்தில் எழுத்துப் போடும்போது திரையில் பேர் வருமே, அது. ஆறு வருஷம் ஒரு பெரிய கலை இயக்குநரிடம் உதவியாளனாக இருந்தேன். ஆறு வருஷத்தில் என் பேர் திரையில் வந்தது இரண்டே தடவை. முதல் தடவை பதினோரு உதவியாளர் பேரோடு சேர்ந்து வந்தது, படிப்பதற்குள் போய்விட்டது. இரண்டாவது தடவை இன்ஷியலை மாற்றிப் போட்டிருந்தார்கள். என் அக்கா புருஷன் ஊர்க் கல்யாணத்தில் என்னை அறிமுகம் செய்யும்போது, “சினிமால ஆணி அடிக்கறாரு” என்று சொல்வார். அந்த மனுஷன் ஒரு தடவை டி.வி. முன்னால் உட்கார்ந்து, என் பேர் தனியாக வருவதைப் பார்த்து வாயை மூட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக விண்கலம் என்ன, வைகுண்டமே கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

விண்கலம் எதில் கட்டினேன் என்று கேளுங்கள். சுவருக்கு முட்டை அட்டை. வாலாஜாபாத்தில் ஒரு முட்டைக் கடைக்காரர் மூட்டை மூட்டையாகத் தந்தார். அதைத் திருப்பி ஒட்டிச் சில்வர் பெயிண்ட் அடித்தால், தூரத்திலிருந்து பார்க்க என்னவோ வேற்றுக்கிரகம் மாதிரித்தான் இருக்கும். கிட்டப் போனால் கோழி வாசனை வரும். காப்டன் வேஷம் டைரக்டருக்கே; அவர் முன்னால் இருக்கும் மீட்டர்கள் எல்லாம் செத்துப்போன ஸ்கூட்டர்களுடையவை. கூரையில் தொங்கிய ஆன்டெனா, இட்லித் தட்டு நாலை அடுக்கிக் கம்பியில் கோத்தது. தொடருக்கு விளம்பரம் கொடுத்தவர் ஊதுபத்தி வியாபாரி. ஒவ்வொரு வாரமும் ஊதுபத்தி கண்ணில் பட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அதனால் விண்கலத்தின் அடியில் கட்டுக்கட்டாக ஊதுபத்தி கொளுத்தி, அதைத்தான் ராக்கெட் புகை என்று காட்டினோம். நாலு வாரமும் எங்கள் விண்கலம் மல்லிகை மணக்கத்தான் பறந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வாஷர் வெட்டியது போக மிச்சமாகும் தகடு, வரிசை வரிசையாக வட்ட ஓட்டையோடு, கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் கிடந்தது. அதை நிற்க வைத்துப் பின்னால் ஒரு பச்சை விளக்கைப் போட்டேன். ஐயோ, அந்த அழகை என்னவென்று சொல்வது! உண்மையாகவே வேறு ஒரு உலகம் மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் கொஞ்ச நேரம் தனியாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் திறமை இருக்கிறது என்று நானே நம்பிய நாள் அது.

கம்பெனி ஆட்கள் நம்பவில்லை. ஷிப்டு முடிந்து போகிறவர்கள் நின்று பார்த்து, ஆளுக்கொன்று சொல்லாமல் நகரமாட்டார்கள்.

“இன்னா சார், கோழிப் பண்ணையா கட்டிகினு கீற?”

“ராக்கெட்டுபா.”

“ராக்கெட்டா? கதவுக்குத் தாப்பா கீது? மேல போய் எவன் சார் தொறக்கப் போறான்?”

தாழ்ப்பாள் விஷயத்தில் அவர்கள் சொன்னது நியாயம். அன்றே கழற்றிவிட்டேன்.

பெரிய தொல்லை மெஷின்தான். தகடு வெட்டுகிற பிரஸ் ஒரு அடி அடித்தால் கொட்டகையே குலுங்கும், விண்கலம் ஒரு தடவை துள்ளி அடங்கும், இட்லித் தட்டுகள் கலகலவென்று ஆடும். அதனால் டீ நேரத்திலும் ஷிப்டு மாறுகிற அரைமணி நேரத்திலும்தான் படம் பிடிப்போம். டீ நேரம் முடிந்ததைக் கவனிக்காமல் எடுத்துத் தொலைத்த காட்சிகளில் காப்டன் திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எரிகல் மோதுது!” என்று கத்துவார். தொடரில் மொத்தம் பதினாலு எரிகல் மோதியது. ஒன்றும் கதையில் கிடையாது.

கம்பெனி முதலாளி நல்ல மனுஷன். ஆர்டர் குறைவாக இருந்ததால் பாதிக் கொட்டகையைச் சும்மாவே கொடுத்தார். அவருக்கு இருந்த ஒரே பயம் கண் திருஷ்டி. அமாவாசைக்கு அமாவாசை கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைப்பார். கடை, கம்பெனி வைத்திருக்கிற எல்லோரும் செய்கிறதுதான். தை அமாவாசையன்று அவர் உடைத்த பூசணிக்காயின் குங்குமத் தண்ணீர் பெயிண்ட் காய வாசலில் வைத்திருந்த என் சில்வர் படிக்கட்டில் தெறித்துவிட்டது என்று நான் அவரிடம் சண்டைகூடப் போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நன்றாகத் தெரியும்.

மாசி அமாவாசை வந்தது. அன்று படப்பிடிப்பின் கடைசி நாள். எடுக்க வேண்டியது ஒரே காட்சி: காப்டன் ஒரு நீளமான கைப்பிடியை இழுக்க, விண்கலம் கிளம்ப, நாலு பேரும் பூமிக்கு டாட்டா காட்ட வேண்டும். மதியம் ஷிப்டு மாறும்போது எடுப்பதாக ஏற்பாடு.

காலையிலேயே லாரி வந்து நின்றுவிட்டது. விண்கலத்தின் உள்ளெலும்பு முழுக்க வாடகை மரம். கோடம்பாக்கத்து மரக்கிடங்கில் எடுத்தது, மறுநாள் வேறொரு செட்டுக்குப் போக வேண்டும். பிரிப்பதற்கு மேஸ்திரி மூன்று ஆட்களோடு வந்திருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷமாகச் செட் பிரிக்கிறவர். அரண்மனை, கோர்ட்டு, மாமியார் வீடு, எதுவானாலும் அவர் கடப்பாரை படாமல் போனதில்லை. எந்த ஆணியை முதலில் பிடுங்கினால் எது தானாக விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அன்று வந்ததும் விண்கலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “நல்லாத்தான் கட்டிகீறபா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்டு வரப்போகிற விஷயத்தை அவரிடமும் சொன்னேன். யாரிடம்தான் சொல்லவில்லை!

“வரட்டும் தம்பி, நல்லா வரட்டும்” என்றார். “எங்க பேரு போடற அளவுக்கு டி.வி. பெருசு இல்ல.”

அப்போது பார்த்து ஒரு சங்கடம். காப்டன் இழுக்கும் கைப்பிடி, பக்கத்துக் கிராமத்து அடிபம்பினுடையது. பம்பு ரிப்பேரில் கிடந்ததால் இரவல் கொடுத்திருந்தார்கள். பம்பு சரியாகிவிட்டது என்று அன்று காலையில் பெண்கள் ஐந்தாறு பேர் குடத்தோடு வந்து, “உங்க ராக்கெட்டு எப்பனா பறக்கட்டும், எங்களுக்குத் தண்ணி வோணும்” என்று கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாலாஜாபாத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் என்று நான் கிளம்பினேன். “ஹீரோ கை படற பொருள், நான் பாக்கணும்” என்று டைரக்டரும் கூடவே கிளம்பினார். காமிராக்காரர் சாப்பிடப் போய்விட்டார். வேற்றுக்கிரகத்து நடிகர்கள் மூன்று பேரும் முகத்தில் பச்சைச் சாயத்தோடு புளிய மரத்தடியில் படுத்திருந்தார்கள்.

பஸ் ஏறும் முன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். இந்த வாய் இருக்கிறதே, இதை அன்றைக்கே தைத்திருக்கலாம். “அண்ணே, பூசணிக்கா ஒடையற வரைக்கும் ஒரு ஆணியையும் தொடாதீங்க.”

“அது தெரியாதா எனக்கு?” என்றார்.

தெரியும். சினிமாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கடைசி ஷாட் முடிந்ததும் காமிரா முன்னால் பூசணிக்காய் உடைப்பார்கள். உடைத்துவிட்டால் படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, செட்டைப் பிரிக்கலாம்.

பழைய இரும்புக் கடையில் டைரக்டர் எட்டுக் கைப்பிடிகளை இழுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகபாவம் காட்டி, ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தார். பஸ் பிடித்து ஒரகடத்தில் இறங்கும்போது மணி இரண்டு. கொட்டகைப் பக்கம் திரும்பியதும் முதலில் என் கண்ணில் பட்டது பச்சை முகங்கள் இல்லாததுதான். வேற்றுக்கிரகவாசிகள் மூன்று பேரும் பளிச்சென்று முகம் கழுவி, விபூதி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்யா மூஞ்சியைக் கழுவினீங்க?”

“பூசணிக்கா ஒடச்சுட்டாங்களே சார். அந்தக் காட்சி வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சோம்.”

உள்ளே ஓடினேன். விண்கலம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு குப்பைமேடு இருந்தது. மரம் எல்லாம் லாரியில். ஓட்டைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, முட்டை அட்டைகள் கிழிந்து, ஒயர்கள் குடல் மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. என் பச்சை விளக்கு மட்டும் அணைக்கப்படாமல் அடியில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குங்குமம் அப்பிய பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. மேஸ்திரி அசையவில்லை. “நீதானபா சொன்ன, பூசணிக்கா ஒடஞ்சா பிரின்னு? வாசல்ல கூட இல்ல, ராக்கெட்டையே மூணு சுத்து சுத்தி, கதவாண்ட ஒடச்சாங்க. கண்ணுல ஒத்திக்கினு கடப்பாரைய எடுத்தேன்.”

முதலாளி ஓடி வந்தார். கையில் இன்னும் குங்குமம். “சார், ஊரே வந்து வந்து பாத்துட்டுப் போவுது. சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்துகூட வராங்க. கண்ணு பட்டுடுமேன்னு இந்த வாட்டி கேட்டாண்ட ஒடைக்காம இங்க கொண்டாந்தேன். உங்க ராக்கெட்டுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் சார்...” அந்த மனுஷன் கண் கலங்கிவிட்டது. விண்கலத்தை மனதார நேசித்தவர் அவர் ஒருவர்தான். அந்த நேசம்தான் ஒன்றரை மணி நேரத்தில் அதைத் தரைமட்டமாக்கியது.

கிழிந்தது போ, கார்டு கோவிந்தா என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா புருஷன் சிரிப்பது காதிலேயே கேட்டது. டைரக்டர் குப்பைமேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த பம்புக் கைப்பிடியைப் பார்த்தார். “விண்கலம் கெளம்பறப்போ விழுந்துடுச்சு” என்றார். “கைப்பிடி கையோட வந்துடுச்சு. அவங்க திரும்பிப் போகலை. காமிராவைக் கொண்டா!”

எனக்கு உயிர் வந்தது. உடனே எழுந்து தகடுகளைக் கொஞ்சம் அழகாக அடுக்க ஆரம்பித்தேன். எரிந்த மாதிரி இங்கே கொஞ்சம் கரி, அங்கே ஒரு ஒயர். டைரக்டர் பார்த்தார். “நீ எதையும் தொடாதே” என்றார். “மேஸ்திரி போட்டது போட்டபடி இருக்கட்டும். நீ தொட்டா செட்டு மாதிரி ஆயிடும்.”

ஆறு வருஷத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். ஓரமாகப் போய் நின்றேன். பச்சைச் சாயம் தீர்ந்துபோயிருந்தது. “நாலு வாரம் தாலுகா ஆபீஸ் வெயில்ல நின்னா எந்தச் சாயமும் போயிடும்” என்று அதற்கும் வசனம் எழுதிக்கொண்டார். கடைசிக் காட்சியில் காப்டன் பிடுங்கிய கைப்பிடியோடு இடிபாட்டிலிருந்து எழுந்து, வாஷர் கம்பெனி முதலாளியிடம் போய், “வேலை இருக்கா சார்?” என்று கேட்கிறார். முதலாளியே முதலாளியாக நடித்தார். “நாளைலேர்ந்து ஷிப்டுக்கு வா. ஓ.டி. உண்டு” என்றார். நாலு வாரத்திலும் உருப்படியாக நடித்தது அவர் ஒருவர்தான். பூமியைப் பிடிக்க வந்தவர்கள் வாஷர் வெட்டப் போய்விட்டார்கள்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, அந்தப் பக்கத்தில் நடந்ததெல்லாம் நடந்து முடிந்து, ஆடி மாதத்தில்தான் தொடர் ஒளிபரப்பானது. முதல் மூன்று வாரமும் என் விண்கலத்தைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை. அக்கா புருஷன் மட்டும், “அது முட்ட அட்டதானே?” என்று கேட்டார். எழுத்துப் போடுவது கடைசி வாரத்தில்தான். நாலாவது வாரம், முதலாளி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து டி.வி. வாடகைக்கு எடுத்து வந்து, கொட்டகையில் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். மேஸ்திரிக்கும் சொல்லி அனுப்பினேன். வேட்டி சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த இடிபாடு திரையில் வந்தது. சாய்ந்த தகடுகளின் ஓட்டை வழியாக என் பச்சை வெளிச்சம், ஊதுபத்திப் புகை. எனக்கே புல்லரித்தது. ஒருவர், “மெய்யாலுமே விழுந்துட்ச்சு போல கீது” என்றார். அந்தக் காட்சியின் மேலேயே கார்டு வந்தது. கலை. கீழே என் பேர். தனியாக. இன்ஷியல்கூடச் சரி. கம்பெனி ஆட்கள் விசில் அடித்தார்கள், முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மேஸ்திரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர் மறைந்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “பேரு நல்லா தெரியுது தம்பி. ஆனா அது நான் பிரிச்சது.”

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. “ஆமாண்ணே” என்றேன்.

மறுநாளே ஆள் தேடி வந்தார்கள். அந்த உடைந்த விண்கலம் மாதிரியே இடிந்த பாலம் ஒன்று வேண்டுமாம். பிறகு எரிந்த குடிசை. கவிழ்ந்த பஸ். பூகம்பத்தில் போன ஒரு தெரு. முழுசாக நிற்கிற எதையும் கட்டித் தரச் சொல்லி என்னிடம் யாரும் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அரைகுறையாக ஏதாவது கட்டி வைத்துவிட்டு மேஸ்திரியைத்தான் கூப்பிடுவேன். அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஒரு ஆணியைப் பிடுங்குவார். நான் எதையும் தொடமாட்டேன். அவர் கண்ணை மூடும் வரை இப்படித்தான் நடந்தது. அவர் பேரையும் சேர்த்துப் போடச் சொல்லி ஒரு டைரக்டரிடமாவது கேட்டிருக்கலாம். தனிக் கார்டு போய்விடுமே என்று கேட்கவில்லை.